ராத்திரிக் கணக்கு

ஜனவரி கடைசியில் அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் ரிட்டர்ன்களை வாங்க ஆரம்பித்ததுமே எனக்கு ஒரு கேள்வி வந்துவிடும். கேட்கிற ஆள் மாறும், கேள்வி மாறாது. "அக்கா, நாங்க ரெண்டு பேரும் பிரிஞ்சு இருக்கோம். அவர் முந்திக்கிட்டு பிள்ளையைத் தன் ரிட்டர்ன்ல போட்டுட்டா நான் என்ன பண்றது?" அம்மாக்கள் மட்டும் இல்லை, அப்பாக்களும் இதே பதற்றத்தோடு கேட்கிறார்கள். சிலர் வேலை செய்யும் இடத்திலிருந்து வருஷச் சம்பள விவரமான டபிள்யூ-2 கைக்கு வரும் முன்பே, டிசம்பர் மாதச் சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு ஃபைல் பண்ணத் துடிப்பார்கள்.

முந்துகிறவருக்குப் பிள்ளை என்று அமெரிக்க வரிச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. முதலில் வருவதைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அதே சோஷியல் செக்யூரிட்டி நம்பரோடு இரண்டாவது ரிட்டர்ன் வந்தால் திருப்பி அனுப்பும். அந்த ரிஜெக்ட் மெசேஜைப் பார்த்ததும், "போச்சு, இந்த வருஷம் அவருக்குத்தான்" என்று விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். விட வேண்டியதே இல்லை. உரிமை யாருக்கு என்பதைப் பிறகுதான் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கும்போது யார் முதலில் அனுப்பினார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

அந்த வருஷம் குழந்தை எத்தனை ராத்திரி யார் வீட்டில் தூங்கியது என்று கேட்பார்கள்.

நான் ஆடிட்டரோ வக்கீலோ இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் 'வீட்டா' திட்டத்தில் தொண்டு செய்கிறேன். வருஷா வருஷம் அதற்கான பரீட்சையை எழுதிவிட்டு, சீசன் முழுக்கச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் உட்காருவேன். அங்கே எல்லா நாட்டுக்காரர்களும் வருகிறார்கள். நம் ஆட்கள் அங்கே வருவது அபூர்வம். போனில்தான் வருவார்கள், அதுவும் பிள்ளைகள் தூங்கிய பிறகு. பிரிந்திருக்கிறோம் என்பதையே நாம் வெளியே சொல்வதில்லையே. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குத் தெரியாது, தமிழ்ச் சங்கத்தில் தெரியாது, கடைசியில் வரி போட்டுக் கொடுக்கிறவரிடமும் சொல்வதில்லை. அவர் போன வருஷத்து விவரத்தை அப்படியே ஏற்றி அனுப்பிவிடுவார். அதன் விளைவு ஒன்றரை வருஷம் கழித்துக் கடிதமாக வந்து நிற்கும். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒரே இடத்தில் விரிவாக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

இந்தியாவில் சம்பாதித்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தத் தகராறே புதிது. அங்கே பழைய வரி முறையில் பள்ளிக் கட்டணத்துக்குக் கழிவு உண்டு. கட்டியவர் கட்டிய அளவுக்குக் காட்டிக்கொள்ளலாம், இருவரும் கட்டினால் இருவரும் காட்டலாம். குழந்தையை வைத்து வருகிற இன்னொரு விதி, மைனர் பிள்ளையின் பெயரில் வட்டி வந்தால் அதை யார் வருமானத்தோடு சேர்ப்பது என்பது. கல்யாணம் முறிந்திருந்தால் வளர்க்கிறவர் வருமானத்தோடு சேரும். இங்கே வந்த பிறகுதான், ஒரு குழந்தை ஒரு ரிட்டர்னில் இடம் பிடிக்க வேண்டும், அதற்கென்று ஒரு தொகை உண்டு என்று தெரிகிறது. பிரிவு வந்ததும் வீடு, கார், நகை என்று பங்கு போடுகிற பட்டியலில் இதுவும் ஏறிவிடுகிறது.

கோர்ட்டு உத்தரவில் 'ஜாயின்ட் கஸ்டடி' என்று இருக்கலாம். ஐஆர்எஸ் அதை வைத்து முடிவு செய்யாது. அந்த வருஷத்தில் அதிக ராத்திரிகள் யாரோடு கழிந்தனவோ அவர்தான் அவர்கள் கணக்கில் 'கஸ்டோடியல் பேரன்ட்'. 365 ஒற்றைப்படை எண். ஆகவே சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம் என்று சொல்கிற வீடுகளிலும் ஒருவருக்கு 183, மற்றவருக்கு 182 என்று வந்துவிடும். 2024 போன்ற லீப் வருஷத்தில் 183க்கு 183 என்று நிற்க முடியும். அப்படிச் சமமாக வந்தால் ஏஜிஐ, அதாவது ரிட்டர்னில் சரிசெய்து வரும் மொத்த வருமானம், யாருக்கு அதிகமோ அவருக்குப் போகும்.

போன சீசனில் ஒரு பெண் தன் வீட்டுக் காலண்டரைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினாள். கோயம்புத்தூர்க்காரி. இந்தியன் ஸ்டோரில் இனாமாகக் கொடுக்கிற மாதக் காலண்டர். ஒவ்வொரு கட்டத்திலும் திதி, நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்க, மகன் அப்பா வீட்டில் தூங்கிய நாட்களில் மட்டும் தேதியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். சில வட்டங்களை அழித்து மறுபடி போட்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமையில் கேள்விக்குறி.

"அன்னைக்கு ஃப்ரெண்ட் வீட்டுல ஸ்லீப்ஓவருங்க்கா. அதை யாருக்குப் போடறது?"

"அந்த வெள்ளிக்கிழமை யார் முறை?"

"அவரு முறைதானுங்க்கா."

"அப்ப அவருக்கு."

விதி அப்படித்தான். பிள்ளை வேறு எங்கோ தூங்கினாலும், அன்றைக்கு யாரோடு இருந்திருக்க வேண்டுமோ அவருக்கு அந்த ராத்திரி. அம்மா ஆபீஸ் வேலையாக வெளியூர் போய், பாட்டி வந்து அம்மா வீட்டிலேயே பார்த்துக்கொண்டால் அது அம்மா கணக்கு. தூங்கிய இடம் அவள் வீடாயிற்றே. அப்பா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஹோட்டலில் தங்கினால் அப்பா கணக்கு. டிசம்பர் 31 ராத்திரி, முடிகிற வருஷத்தோடு சேரும். இரவு ஷிஃப்ட் பார்க்கிற நர்ஸ் போன்றவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. வேலை காரணமாக ராத்திரியில் பிள்ளையோடு இருக்க முடியாதவருக்குப் பகல்களை எண்ணுவார்கள். இவ்வளவு நுணுக்கமாக யோசித்து எழுதியிருக்கிறார்களே என்று முதல்முறை படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எங்கேயோ ஒரு வீட்டில் நடந்த சண்டை இருந்திருக்க வேண்டும்.

அவள் காலண்டரில் பெரிய சிக்கல் ஜூனும் ஜூலையும். பையன் கோவையில் தாத்தா பாட்டியோடு இருந்திருக்கிறான். நம் வீடுகளில் இது வருஷந்தோறும் நடப்பது. இவள் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வாரம் கூடவே இருந்தாள். அந்த ராத்திரிகள் இவளுடையவை, அதில் கேள்வியே இல்லை. இவள் திரும்பி வந்த பிறகு அவன் மட்டும் அங்கே இருந்த நாட்களை எப்படி எண்ணுவது? அவன் இங்கேயே இருந்திருந்தால் அந்தந்த ராத்திரி யார் முறையோ அவருக்கு. யார் முறை என்று சொல்லவே முடியாத ராத்திரி இருவர் கணக்கிலும் சேராது. இவர்களுக்குள் வார முறை தெளிவாக இருந்ததால் பிரிக்க முடிந்தது. கூட்டிப் பார்த்தால் இவளுக்கு 208, அவருக்கு 157. "பாதிக்குப் பாதி வந்துருமோன்னு பயந்துட்டே இருந்தேனுங்க்கா" என்றாள்.

பிறகு, கொஞ்சம் தயங்கி, அவளே இன்னொன்றையும் கேட்டாள். "ஸ்கூலு, பியானோ கிளாஸு, பல்லு டாக்டரு, எல்லாம் அவருதானுங்க்கா கட்டறாரு. அதையெல்லாம் பார்க்க மாட்டாங்களா?"

பார்க்க மாட்டார்கள். ஒரு காலத்தில் பார்த்தார்கள். 1984 வரை இருந்த விதியில், பிரிந்த பெற்றோரில் யார் எவ்வளவு செலவு செய்தார் என்பதும் கணக்கில் வந்தது. அதனால் இருவரும் மளிகை பில், சட்டை பில், வாடகை ரசீது என்று தூக்கிக்கொண்டு வர, உள்ளே இருக்கும் அதிகாரி எந்தப் பாலுக்கு யார் காசு கொடுத்தார் என்று விசாரிக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் அமெரிக்க காங்கிரஸ் சட்டத்தை மாற்றியது. 1985 முதல் பிள்ளை யாரோடு இருக்கிறதோ அவருக்கு உரிமை. அவர் எழுத்தில் விட்டுக்கொடுத்தால் மட்டும் மற்றவருக்கு. அதற்கு அடுத்தாற்போல் இன்னொரு மாற்றம். 1987ஆம் வருஷ ரிட்டர்ன்களில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கேட்டார்கள். ஒரே வருஷத்தில் சுமார் 70 லட்சம் 'பிள்ளைகள்' ரிட்டர்ன்களிலிருந்து மறைந்துபோனார்கள். இல்லாத பிள்ளைகளைக் காட்டியவர்கள் ஒரு பக்கம் என்றால், பிரிந்த அம்மாவும் அப்பாவும் ஒரே பிள்ளையைத் தனித்தனியே காட்டிவந்ததும் அந்த எண்ணிக்கையில் உண்டு.

ராத்திரியை எண்ணுவது ஈரமில்லாத விதி என்று முதலில் கேட்கிறவர்களுக்குத் தோன்றும். எனக்கு அதில் கருணைதான் தெரிகிறது. நல்ல அம்மா யார், பொறுப்பான அப்பா யார், யாரால் இந்தக் கல்யாணம் கெட்டது என்று எதையும் அது கேட்பதில்லை. குழந்தையின் தலைமாட்டில் எந்த வீட்டு விளக்கு எரிந்தது என்று மட்டும் கேட்கிறது. பதில் சொல்ல ஒரு காலண்டர் போதும். மற்றவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை பேசத் தேவையில்லை.

சரி, எவ்வளவு பணத்துக்காக இந்த மல்லுக்கட்டு? சைல்ட் டாக்ஸ் கிரெடிட் 2025ஆம் வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு 2,200 டாலர். அதற்கு முன் 2018 முதல் 2,000 டாலர், நடுவில் 2021இல் மட்டும் உயர்ந்திருந்தது. வருஷக் கடைசியில் பிள்ளைக்கு 17 வயது ஆகியிருக்கக் கூடாது, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வேண்டும். அந்த நம்பர் இல்லாமல், வரிக்கென்று தருகிற ஐடின் எண் மட்டும் உள்ள எச்-4 விசாப் பிள்ளைகளுக்கு இது கிடைக்காது, 500 டாலர் கிரெடிட் ஒன்றுதான். வரியே கட்ட வேண்டியிராதவர்களுக்கும் வருமானத்தைப் பொறுத்து இந்த 2,200இல் 1,700 வரை ரீஃபண்டாகக் கைக்கு வரலாம். ஆனால் பிள்ளையை ஒட்டி வருகிற சலுகை இது ஒன்றே அல்ல. 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்' என்று ஃபைல் பண்ணினால் 2025க்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 23,625 டாலர். சிங்கிள் என்று போட்டால் 15,750. சம்பளம் குறைந்தவர்களுக்கு ஏர்ன்ட் இன்கம் கிரெடிட் ஒரு பிள்ளைக்கு 4,328 டாலர் வரை போகும். டே கேர் செலவுக்கும் ஒரு கிரெடிட் இருக்கிறது.

இங்கேதான் பலரும் விஷயம் தெரியாமல் அடித்துக்கொள்கிறார்கள். கஸ்டோடியல் பேரன்ட் ஃபார்ம் 8332 என்ற ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், மற்றவர் அதைத் தன் ரிட்டர்னோடு இணைத்துப் பிள்ளையைக் காட்டலாம். அப்படிக் கைமாறுவது சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டோ அந்த 500 டாலர் கிரெடிட்டோதான். ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டும், ஏர்ன்ட் இன்கம் கிரெடிட்டும், டே கேர் கிரெடிட்டும் கையெழுத்துப் போட்டவரிடமே நிற்கும். அவற்றை எழுதிக் கொடுக்கவே முடியாது. ஆக, இந்தத் தாள் இருந்தால் ஒரே பிள்ளையின் பெயர் இருவர் ரிட்டர்னிலும் சட்டப்படியே வரலாம். ஒருவர் டிபெண்டென்ட் என்று காட்டுவார், மற்றவர் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டுக்காகக் காட்டுவார். இது தெரியாததால், கையெழுத்துப் போட்டால் எல்லாமே போய்விடும் என்று பயந்து மறுக்கிற அம்மாக்கள் உண்டு. தாள் கிடைத்துவிட்டது, எல்லாம் எனக்கே என்று ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டும் சேர்த்துப் போட்டு மாட்டிக்கொள்கிற அப்பாக்களும் உண்டு.

இந்தத் தாள் இல்லாமல் கோர்ட்டு உத்தரவை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம்தான் எனக்குப் பேச்சு வராமல் போகும். மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர். விவாகரத்து ஆகி சில வருஷம். ஒற்றைப்படை வருஷம் அப்பாவுக்கு, இரட்டைப்படை அம்மாவுக்கு என்று நீதிபதியே எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை மஞ்சள் மார்க்கரில் தீட்டி வைத்திருந்தார்.

"மாசா மாசம் ஆயிரத்து நானூறு டாலர் தவறாம அனுப்புறேன்க்கா. ஒரு மாசம் நின்னதில்ல. நீதிபதியே சொல்லிட்டாரு. இதுக்கு மேல அவ கையெழுத்து எதுக்கு?"

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சைல்ட் சப்போர்ட் கொடுப்பவருக்கு வரிக் கழிவு கிடையாது, வாங்குபவருக்கு அது வருமானமும் ஆகாது. மாதாமாதம் அனுப்புகிற மனிதருக்கு, வருஷம் ஒருமுறை பிள்ளையின் பெயர் தன் ரிட்டர்னில் வருவது பணத்துக்கும் மேலான ஒன்று. "என் பையன் என் பேர்ல இருக்கான்னு ஒரு தாள்லயாவது இருக்கட்டும்னுதான்க்கா" என்றார். ஆனாலும் 2008க்குப் பிறகு வந்த விவாகரத்து உத்தரவுகளை ஃபார்ம் 8332-க்குப் பதிலாக ஐஆர்எஸ் ஏற்காது. உத்தரவை அமல்படுத்துவது அவர்கள் வேலையும் இல்லை. அம்மா கையெழுத்துப் போட மறுத்தால் அவர் போக வேண்டிய இடம் அந்த மாநிலத்துக் குடும்ப நீதிமன்றம். உத்தரவை மீறினால் கேட்க வேண்டியது அங்கேதான். அதுவரை பிள்ளையைத் தன் ரிட்டர்னில் போடக் கூடாது. போட்டால், உத்தரவு அவர் பக்கம் இருந்தும், பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியவர் அவர்தான்.

விவாகரத்து பேசிக்கொண்டிருக்கிறவர்களுக்கு அதனால்தான் கெஞ்சிச் சொல்கிறேன். யாருக்கு எந்த வருஷம் என்று எழுதினால் போதாது. எந்தத் தேதிக்குள் ஃபார்ம் 8332 கையெழுத்தாகிக் கைக்கு வர வேண்டும் என்றும் உத்தரவிலேயே எழுதி வாங்குங்கள். ஜனவரி 31 என்று போட்டுக்கொள்ளலாம். கையெழுத்துப் போடுகிறவருக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தாளில் மூன்று பகுதிகள். முதல் பகுதி அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும். இரண்டாவது வரும் வருஷங்களுக்கு. 'இனி எல்லா வருஷமும்' என்று எழுதவும் அதில் இடம் உண்டு. மூன்றாவது, கொடுத்ததைத் திரும்பப் பெற. திரும்பப் பெற்றாலும் உடனே பலிக்காது. மற்றவருக்கு நீங்கள் தெரிவித்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்துதான் செல்லும். சப்போர்ட் பாக்கி இல்லாமல் இருந்தால் கொடுக்கிறேன் என்று பேசியிருக்கிறீர்களா? அந்த நிபந்தனையைத் தாளில் எழுத முடியாது. வருஷம் முடிந்து, கணக்குப் பார்த்து, முதல் பகுதியில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு வருஷமும் இப்படியே செய்யுங்கள்.

ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரிப்பது நியாயமாகத் தெரியும். வருமானத்தைப் பார்க்காமல் அப்படிப் பிரித்தால் இருவருக்குமே இல்லாமல் போகிற வருஷங்கள் வரும். தனியாக ஃபைல் பண்ணுகிறவரின் வருமானம் இரண்டு லட்சம் டாலரைத் தாண்டினால் கிரெடிட் ஆயிரத்துக்கு ஐம்பது டாலர் வீதம் கரையத் தொடங்கும். ஒரு பிள்ளைக்கான 2,200 டாலரும் 2,44,000 அளவில் தீர்ந்துவிடும். ஐடி வேலையில் மேலே போன பலருக்கு இந்தச் சம்பளம் வருகிறது. அப்படிப்பட்ட அப்பாவுக்கு அவர் 'முறை' வருஷத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவருக்கும் ஒன்றும் வராது, கொடுத்தவளுக்கும் போய்விடும். அம்மாவின் சம்பளம் அதிகம் என்றால் இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். யார் காட்டினால் மொத்தமாக அதிகம் கிடைக்கும் என்று பார்த்து அவரே காட்டட்டும், கிடைத்ததில் பாதியைப் பிள்ளையின் காலேஜ் கணக்கில் போடட்டும். பேசிக்கொள்ளும் நிலையில் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு பிள்ளைகள் இருந்தால், தாளை வைத்து ஆளுக்கு ஒருவர் என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

2021இல் நடந்ததையும் சொல்ல வேண்டும், இன்னும் அந்தக் காயம் ஆறாத வீடுகள் இருக்கின்றன. அந்த வருஷம் கிரெடிட்டை ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 3,600 என்றும், மற்றவர்களுக்கு 3,000 என்றும் உயர்த்தி, ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் முன்பணமாகப் பாதியைப் போட்டார்கள். யாருக்குப் போட்டார்கள்? முந்தைய ரிட்டர்னில் பிள்ளையைக் காட்டியிருந்தவருக்கு. வருஷம் மாற்றி வருஷம் காட்டுகிற பெற்றோரில், 2020 யாருடையதோ அவர் கணக்கில் பணம் விழுந்தது. 2021 யாருடையதோ அவர் தன் ரிட்டர்னில் முழுத் தொகையையும் கேட்க உரிமை உள்ளவர். வாங்கியவர் வருமானத்தைப் பொறுத்துத் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. கேட்காமலே வந்த பணம் அது. இதற்காக ஒருவரை ஒருவர் திருடன், திருடி என்று பேசிக்கொண்டதை நான் என் காதால் கேட்டேன். இருவரும் எந்தத் தப்பும் செய்திருக்கவில்லை.

இன்னும் விவாகரத்தே ஆகவில்லை, சும்மா பிரிந்திருக்கிறோம் என்பவர்கள்தான் நம்மில் அதிகம். டிசம்பர் 31 அன்று சட்டப்படி கணவன் மனைவி என்றால், சேர்ந்து ஃபைல் பண்ண வேண்டும் அல்லது 'மேரீட் ஃபைலிங் செப்பரேட்லி' போட வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. வருஷத்தின் கடைசி ஆறு மாதம் கணவனோ மனைவியோ உங்கள் வீட்டில் வசிக்கவில்லை, வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் பார்த்தீர்கள், பிள்ளை பாதி வருஷத்துக்கு மேல் உங்களோடு இருந்தது என்றால், கல்யாணம் ஆகாதவராகவே எண்ணி ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் போடலாம். ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருக்கிறோம் என்பது செல்லாது.

இருவரும் ஒரே பிள்ளையைக் காட்டிவிட்டால் நடப்பதைச் சொல்கிறேன். உரிமை உங்களுடையது என்றால், ரிஜெக்ட் ஆன ரிட்டர்னைத் தாளில் அச்செடுத்துத் தபாலில் அனுப்பலாம். 2025 சீசன் முதல் இன்னொரு வழியும் வந்திருக்கிறது. ஐஆர்எஸ் தளத்தில் உங்களுக்கென்று 'ஐபி பின்' என்ற ஆறு இலக்க எண் வாங்கி அதோடு அனுப்பினால், பிள்ளையை வேறொருவர் ஏற்கெனவே காட்டியிருந்தாலும் ஆன்லைனிலேயே ஏற்றுக்கொள்வார்கள். பிறகு இருவருக்கும் சிபி87ஏ என்ற கடிதம் வரும். உங்கள் ரிட்டர்னில் உள்ள பிள்ளையை இன்னொருவரும் காட்டியிருக்கிறார், சரிபாருங்கள் என்று சொல்லும். அதில் மற்றவர் பெயர் இருக்காது. தப்பாகக் காட்டியவர் 1040-எக்ஸ் போட்டுத் திருத்திவிட்டால் அதோடு முடிந்தது. இருவருமே அசையாவிட்டால் ஆடிட். அப்போது பிள்ளையின் பெயர், உங்கள் முகவரி, அந்த வருஷத்துத் தேதி மூன்றும் உள்ள காகிதம் கேட்பார்கள். பள்ளி ஆபீஸிலிருந்து லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், பிள்ளை டாக்டர் கிளினிக்கிலிருந்து ஒன்று, டே கேரிலிருந்து ஒன்று. இவற்றை வருஷம் முடிந்ததுமே வாங்கி வையுங்கள். கோடை விடுமுறையில் பள்ளி ஆபீஸ் பூட்டியிருக்கும். அலட்சியமாகப் பொய்க் கணக்குக் காட்டினார் என்று முடிவானால் இரண்டு வருஷமும், மோசடி என்றால் பத்து வருஷமும் அந்தக் கிரெடிட்டை நினைத்தே பார்க்க முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுமை போய்விடும். பிள்ளை காதுபட இதைப் பேசுவது. நூலகத்தில் ஓர் அம்மா தன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "இந்த வருஷம் நீ அப்பாவுக்காம், நான் செலவு பண்ணதெல்லாம் தண்டம்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். ஸ்கூல் பேக்கின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடித் திறந்துகொண்டிருந்தாள். நான் ஃபார்மை அப்படியே வைத்துவிட்டு, அவளைக் குழந்தைகள் பகுதியில் விட்டுவிட்டு வந்துதான் பேச்சைத் தொடர்ந்தேன். 'இந்த வருஷம் நீ யாருக்கு' என்ற வாக்கியம் ஒரு குழந்தையின் காதில் என்னவாக விழும்? டிபெண்டென்ட், கிரெடிட், ஃபார்ம் ஒன்றும் அதற்குத் தெரியாது. யாருக்கோ தன்னைக் கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும் தெரியும். ராத்திரிகளைக் குறித்து வைக்கிற காலண்டரைக்கூடப் பிள்ளை கண்ணில் படுகிற சுவரில் மாட்டாதீர்கள். போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கடிதம் வந்து, பதில் போடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு: வருமானம் குறைவு என்றால் 'லோ இன்கம் டாக்ஸ்பேயர் கிளினிக்' என்று பல ஊர்களில் உண்டு. சட்டக் கல்லூரிகளும் தொண்டு அமைப்புகளும் நடத்துபவை. ஐஆர்எஸ்ஸோடு உள்ள தகராறில் இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ உங்கள் சார்பில் வாதாடுவார்கள். மொழிபெயர்க்க ஆளும் கேட்கலாம். கடிதத்தின் மேலே பதில் சொல்ல வேண்டிய தேதி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அது தாண்டுவதற்குள் போன் பண்ணி அவகாசம் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். என்னிடம் கேட்க நினைப்பவர்கள் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து, பிள்ளையின் நம்பரை மறைத்துவிட்டு அனுப்புங்கள். யார்மேல் தப்பு என்று எனக்குச் சொல்ல வேண்டாம். எந்தெந்த ராத்திரி எங்கே என்று மட்டும் எழுதுங்கள்.